எறிந்துவிடாதீர்கள், அந்தப் பழைய கம்ப்யூட்டரை!

"அப்பா! லேப்டாப்பில் என்னமோ எழுதி இருக்கிறது. வந்து பாருங்கள்!"

மகள் கூப்பிட்டாள். அப்பா வந்து பார்த்தார். திரை முழுவதும் ஒரு அறிவிப்பு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று இருந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கும் வழி இல்லை. "உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி கிடையாது" என்று அடுத்த வரி சொன்னது.

அப்பாவுக்குத் திக்கென்றது. சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய லேப்டாப் அது. வாங்கிப் பத்து வருடம் இருக்கும். மூத்த மகன் அதில்தான் படித்து முடித்தான். இளையவள் அதில்தான் படிக்கிறாள். அம்மாவின் தையல் கணக்கும் அதில்தான் இருக்கிறது. தாத்தா உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசிப் பொங்கல் படங்களும் அதில்தான்.

கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"இது பழசு சார். இனிமேல் ஒன்றும் செய்வதற்கு இல்லை. புதுசு வாங்கிவிடுங்கள்" என்றார்.

புதுசுக்குப் பணம்? அப்பா பேசாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு உலகம் எங்கும் எத்தனையோ வீடுகளில் நடந்த கதை. இந்த முடிவால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 'கேனாலிஸ்' என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2023-ம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுச் சொன்னது.

அத்தனையும் கெட்டுப்போன கம்ப்யூட்டர்களா? இல்லை! முக்கால்வாசி விஷயம் அதில்தான் இருக்கிறது.

மேஸ்திரி

கம்ப்யூட்டருக்குள் பல வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவன் கணக்குப் போடுவான். ஒருவன் ஞாபகம் வைத்துக்கொள்வான். ஒருவன் திரையில் படம் காட்டுவான். இவர்களை எல்லாம் வேலை வாங்குவதற்கு ஒரு மேஸ்திரி வேண்டும் அல்லவா? அந்த மேஸ்திரிதான் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் என்பது அப்படி ஒரு மேஸ்திரி.

விண்டோஸ் 10 வந்தது 2015-ம் ஆண்டு ஜூலை மாதம். அதைச் செய்த மைக்ரோசாப்ட் நிறுவனம் பத்து வருடம் அதைப் பராமரித்தது. எப்படி?

எந்த வேலியிலும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழையப் பார்ப்பான். விண்டோஸில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் ஒரு கட்டு அனுப்பும். 'அப்டேட்' என்று திரையில் வருமே, அதுதான். அந்தக் கட்டு வருவது நின்றுவிட்டது என்பதுதான் ஆதரவு முடிந்தது என்பதன் பொருள்.

ஆகவே, வேலையாட்கள் திடமாக இருக்கிறார்கள். மேஸ்திரிக்குத்தான் தலைமை அலுவலகம் கைவிரித்துவிட்டது. மேஸ்திரியை மாற்றினால் போதும்!

"ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். என் கம்ப்யூட்டரில் என்ன புதையலா இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையின் கதையைக் கேட்க வேண்டும்.

கறுப்பு வெள்ளிக்கிழமை

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி. இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக முடங்கின. திரையில் ஒரு சிவப்புப் பலகை தோன்றியது. "உங்கள் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம். 300 டாலர் கொடுத்தால் திறந்துவிடுகிறோம்" என்பது அதன் சாரம்.

நோயாளிகளின் விவரங்களைப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷன்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஆம்புலன்சுகள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பி விடப்பட்டன. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. அந்தத் திருட்டு நிரலின் பெயர் 'வான்னகிரை'.

அது நுழைந்த ஓட்டைக்கு, இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே அடைப்பு வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள். 2014-ல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.யை வைத்திருந்த சாதாரண மக்களுக்கோ, மார்ச் மாதத்தில் அந்த அடைப்பு வரவே இல்லை. விபரீதம் நடந்த பிறகுதான் அவசரமாகக் கொடுத்தார்கள்.

காவல் இல்லாத கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கைத் திறப்பது ஏன் அபாயம் என்று இப்போது புரிகிறதா?

ஏன் ஒதுக்கினார்கள்?

"சரி, விண்டோஸ் 11-ஐப் போட்டால் தீர்ந்தது. என் லேப்டாப்புக்குத் தகுதி இல்லை என்று ஏன் சொல்கிறார்கள்?"

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். அது சில நிபந்தனைகள் விதிக்கிறது. 4 ஜி.பி. ராம் வேண்டும். 64 ஜி.பி. இடம் வேண்டும். இவை பெரிய விஷயம் அல்ல. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. பீரோவுக்குள் நகை வைக்கும் ரகசிய அறை போன்றது அது. கம்ப்யூட்டரின் ரகசியச் சாவிகளை அது பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதோடு, இன்டெல் மூளையாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017-ல். ஆகவே அதற்கு முன் வாங்கியவை அநேகமாக எல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கின்றன.

பாதுகாப்புக்காகவே இந்த நிபந்தனை என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் நன்றாக ஓடும் எந்திரத்தை வைத்திருப்பவனின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் உண்டு.

உங்கள் கம்ப்யூட்டர் எந்தத் தலைமுறை? அதில் ஒட்டியிருக்கும் சீட்டையோ, 'சிஸ்டம்' என்ற பக்கத்தையோ பாருங்கள். 'ஐ5-6200' என்று இருந்தால் ஆறாம் தலைமுறை. 'ஐ5-8250' என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. பொதுவாக, கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் அடையாளம். ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு எண்கள்.

எட்டாம் தலைமுறையாக இருந்தும் "தகுதி இல்லை" என்று வந்தால் மனம் தளராதீர்கள். டி.பி.எம். உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். விவரம் தெரிந்த ஒருவர் 'பயாஸ்' என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் அதை முடுக்கிவிட்டால், கதவு தானாகத் திறந்துவிடும். காலணாச் செலவில்லை!

மூன்று வழிகள்

உண்மையாகவே பழைய கம்ப்யூட்டர் என்றால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தவணை கேட்பது. விண்டோஸ் 10-க்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை, வீட்டு உபயோகத்தாருக்கு அடைப்புகள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்கு 30 டாலர் கட்டலாம். நம் அமைப்பு விவரங்களை அவர்கள் கணக்கில் சேமித்து வைக்க ஒப்புக்கொண்டால் பணமே வேண்டாம் என்றும் சொன்னது. இது மூச்சு விடுவதற்கான அவகாசம். தீர்வு அல்ல.

இரண்டாவது வழி, தகுதி இல்லாத கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றுவது. முடியுமா? முடியும். 'ரூபஸ்' என்ற இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு பென் டிரைவ் தயார் செய்யும்போது, "டி.பி.எம். சோதனை வேண்டாம்" என்று ஒரு குறி போட்டால் போதும். வாயிற்காவலன் சீட்டுக் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவான்.

ஆனால் கவனம்! இப்படிச் செய்வதை மைக்ரோசாப்ட் சிபாரிசு செய்யவில்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அடைப்புகள் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடியும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டியோ போன்ற மிகப் பழைய மூளைகளில் கிளம்பவே கிளம்பாது. அந்த மூளைகளுக்கு அது கேட்கும் சில கட்டளைகள் தெரியாது. எந்தத் தந்திரமும் அங்கே பலிக்காது.

மூன்றாவது வழிதான் இன்றைக்கு அநேகர் போகும் வழி. மேஸ்திரியையே மாற்றிவிடுவது!

தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர்

1991-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்று ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 21. அந்த ஜனவரியில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். '386' என்ற மூளை கொண்டது. கையில் முழுப் பணம் இல்லை. தவணையில் வாங்கினார்.

அதில் வந்த இயங்குதளம் அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே ஒன்று எழுத ஆரம்பித்தார். ஆகஸ்டு 25-ந் தேதி அதை உலகத்துக்கு அறிவித்தார். வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்பதுபோல அடக்கமாகத்தான் சொன்னார்.

அதுதான் லினக்ஸ்! யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதைத் திறந்து வைத்தார். ஊர் கூடித் தேர் இழுப்பது போல உலகம் முழுவதும் உள்ளவர்கள் கை கொடுத்தார்கள். அவருடைய கம்ப்யூட்டரின் தவணைப் பாக்கியை அடைப்பதற்குக்கூட அன்பர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் ஓடுவதும் அதே லினக்ஸின் உட்கருதான்.

ஒரு வேடிக்கை. லினக்ஸ் பிறந்தது 386 மூளையில் அல்லவா? 2012-ம் ஆண்டு இறுதியில் அந்த 386-க்கான ஆதரவை லினக்ஸே கைவிட்டது. தன்னைப் பெற்ற எந்திரத்தை அது 21 வருடம் சுமந்தது. ஆக, என்றென்றைக்கும் என்பது இந்த உலகத்தில் யாரிடமும் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கும் இருபது வருடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதே!

லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்குச் சுலபமானது 'லினக்ஸ் மின்ட்'. 2006-ல் தொடங்கியது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பார்ப்பதற்கும் பழக்கமான முகம். 2 ஜி.பி. ராம் இருந்தால் ஓடும். 4 ஜி.பி. இருந்தால் தாராளம். பழைய எந்திரத்துக்கு அதில் 'எக்ஸ்.எப்.சி.இ.' என்ற லேசான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை அடைப்புகள் உண்டு. எல்லாம் இலவசம்.

இணையம் பார்ப்பது ஒன்றுதான் வேலை என்றால், கூகுள் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த 'குரோம் ஓ.எஸ். பிளெக்ஸ்' என்பதும் இருக்கிறது.

பரணில் இருக்கும் லேப்டாப்

இது நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய சர்க்காரின் சி-டாக் அமைப்பு, சென்னையில் உருவாக்கியது அது. அநேகம் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்காமலே விட்டுவிட்டார்கள். அந்த லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? இறக்கிப் பாருங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான். 'கைட்' என்ற அரசு நிறுவனம் 2019-ல் தயாரித்த லினக்ஸ் பதிப்பு, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு என்று வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டும் வண்டியை நாம் ஓட்ட முடியாதா?

மாமா சொன்ன யோசனை

நம் கதைக்கு வருவோம். அம்மாவின் தம்பி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கூடத்தில் வேலை பார்க்கிறார். அம்மா போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார்.

"அத்தான், அவசரப்படாதீர்கள். இந்த லேப்டாப்புக்கு ஆயுசு இன்னும் கெட்டி" என்றார்.

முதலில் லேப்டாப்பைத் திருப்பி அதன் பாட்டரியைப் பார்த்தார். பாட்டரி உப்பி இருந்தால் அந்த லேப்டாப்பைத் தொடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. முதலில் அதை மாற்ற வேண்டும். இதில் உப்பவில்லை.

அடுத்து மருமகளைக் கூப்பிட்டார். "கண்ணு, முதல் காரியம் என்ன தெரியுமா?"

"லினக்ஸ் போடுவது!"

"இல்லை. வீட்டை இடிப்பதற்கு முன்னால் சாமானை வெளியே எடுத்து வைப்பது!"

ஆம், வாசகர்களே! இது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். படங்கள், கணக்குகள், பாடங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேறு ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. வேறு ஒரு கம்ப்யூட்டரில் அந்த நகலைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால்தான் அது நகல்.

மகள் எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். மாமா கொண்டு வந்திருந்த கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்தாள். சரியாக இருந்தது.

பென் டிரைவ் வித்தை

பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை எடுத்தார்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான பென் டிரைவ். லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்தில் இருந்து அதன் கோப்பை இறக்கினார்கள். சுமார் 3 ஜி.பி. இருந்தது. கண்ட கண்ட இடத்தில் இருந்து இறக்கக் கூடாது. முன்னே சொன்ன ரூபஸ் கருவியால் அதைப் பென் டிரைவில் ஏற்றினார்கள். சாதாரணமாகக் காப்பி செய்தால் வேலை செய்யாது.

லேப்டாப்பை அணைத்தார்கள். பென் டிரைவைச் செருகினார்கள். மறுபடி போட்ட உடனே 'எப் 12' என்ற விசையைத் தட்டினாள் மகள். டெல், லெனோவோ கம்ப்யூட்டர்களில் அநேகமாக அந்த விசைதான். ஹெச்.பி.யில் 'எப் 9'. எதில் இருந்து கிளம்பட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பென் டிரைவைக் காட்டினாள்.

இரண்டு நிமிஷம். திரையில் புது முகம்!

"போட்டாகிவிட்டதா மாமா?"

"இன்னும் இல்லை. பெண் பார்க்கும் படலம்தான் நடக்கிறது. இது பென் டிரைவுக்குள் இருந்தே ஓடுகிறது. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்."

இதுதான் லினக்ஸின் பெரிய சௌகரியம். நிரந்தரமாகப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். வைபை வேலை செய்கிறதா? பாட்டுக் கேட்கிறதா? காமிரா தெரிகிறதா? பிரிண்டர் அச்சடிக்கிறதா? தமிழ் எழுத்து சரியாக வருகிறதா? அத்தனையும் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

தாத்தா எங்கே?

மகள் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தினாள். இரண்டு கேள்வி வந்தது. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிக் கொள்ளட்டுமா? அல்லது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடட்டுமா?

பழைய டிஸ்க்கில் இடம் குறைவு. அழித்துவிடலாம் என்று மகள் குறி போட்டாள். அடுத்த பொத்தானை அழுத்தக் கை போனது.

"ஏன்டி, தாத்தா பொங்கல் படம் எடுத்து வைத்துவிட்டாயா?" என்று அடுப்படியில் இருந்து அம்மா கேட்டாள்.

மகள் கை நின்றது. நகல் எடுத்த பென் டிரைவைத் திறந்தார்கள். அம்மாவின் கணக்கு இருந்தது. பாடங்கள் இருந்தன. திருவிழாப் படங்கள் இருந்தன. தாத்தா படம் இல்லை! வீடே நிசப்தம் ஆகிவிட்டது.

மாமாதான் கேட்டார். "அண்ணன் தனியாகப் பெயர் போட்டு உள்ளே நுழைவானா?"

ஆமாம்! ஒரே கம்ப்யூட்டரில் அண்ணனுக்குத் தனிக் கணக்கு, தங்கைக்குத் தனிக் கணக்கு. தங்கை தன் பக்கத்தில் இருந்ததை மட்டும் நகல் எடுத்திருந்தாள். அண்ணன் வெளியூரில் இருக்கிறான்.

நல்ல வேளையாக இன்னும் எதுவும் அழியவில்லை. மின்ட் பென் டிரைவில் இருந்துதானே ஓடிக்கொண்டிருக்கிறது? இன்ஸ்டாலை ரத்து செய்தார்கள். அங்கிருந்தே பழைய டிஸ்க்கைத் திறந்தார்கள். அது ரகசியப் பூட்டுப் போடாத டிஸ்க். 'யூசர்ஸ்' என்ற பெட்டிக்குள் அண்ணன் பெயரில் ஒரு பெட்டி. அதற்குள் படங்கள்.

தாத்தா பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்தார்கள். திறந்தும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தினாள் மகள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் எத்தனை பேர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டார்களோ, அத்தனை பேரிடமும் கேட்டுவிட்டு அழியுங்கள். உங்கள் டிஸ்க்கில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு இருக்கலாம். அப்படியானால் அதன் மீட்புச் சாவியை விண்டோஸ் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிறகு யாராலும் திறக்க முடியாது.

ஏற்றுகிற நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகி வையுங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால், மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து உட்காருங்கள்.

எது ஓடும்? எது ஓடாது?

அம்மாவின் தையல் கணக்கு, 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச நிரலில் அப்படியே திறந்தது. பயர்பாக்ஸில் யூடியூபும் பாடமும் ஓடின. தமிழ் 99 விசைப்பலகையும் அதில் உண்டு.

ஆனால் எல்லாம் ஓடும் என்று சொன்னால் அது பொய். கடைகளில் உபயோகிக்கும் டாலி, ஸ்டூடியோக்காரர்களின் போட்டோஷாப் முதலியவை லினக்ஸுக்கு என்று செய்தவை அல்ல. லினக்ஸில் நேராக ஓடமாட்டா. அவற்றால் பிழைப்பவர்கள் அவசரப்பட்டு மாறக் கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரையும் கேட்காமல் தொடவும் கூடாது.

மிகப் பழைய எந்திரங்களுக்கும் எல்லை உண்டு. 32 பிட் மூளை மட்டும் உள்ள கம்ப்யூட்டருக்கு, 2020-ல் வந்த மின்ட் 20 முதற்கொண்டு அதன் முதன்மைப் பதிப்பு கிடையாது.

லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது என்றால், குற்றம் பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல்தான். அதை எடுத்துவிட்டு 'எஸ்.எஸ்.டி.' போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முடிந்தால் ராமையும் கூட்டலாம். புது லேப்டாப்பின் விலையில் இது சிறு பகுதிதான்.

இரண்டு மோசடிகள்

"நூறு ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பாக இருக்கும். ஓட்டையை அடைக்கப் போய்த் திருடனையே வீட்டில் குடிவைத்த கதை ஆகிவிடும். வேண்டாம்.

"மைக்ரோசாப்டில் இருந்து பேசுகிறோம். உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாரையும் போனில் கூப்பிடுவது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறு உபயோகத்துக்குப் போனது அதில் கால் பங்குகூட இல்லை. மீதி? மண்ணிலும், நீரிலும், பழைய இரும்புக் கடைப் பையன்களின் மூச்சிலும் கலந்தது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரையும் அதோடு கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

அன்று சாயங்காலம் அப்பா லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தார். திரையில் தாத்தா சிரித்தார்.

"புதுசு வாங்கச் சீட்டு எடுக்க வேண்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார் அப்பா.

"அந்தச் சீட்டுப் பணம் பிள்ளையின் காலேஜுக்கு இருக்கட்டும் அத்தான்" என்றார் மாமா.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கலாம். எறிவதற்கு முன்னால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துப் பாருங்கள். ஆனால், முதலில் நகல்!